சண்டைக் கணக்கு

பிப்ரவரி 3

அன்புள்ள கல்லுளிமங்கி அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான், இவள், பொண்ணு மூவரும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாமா சௌக்கியமா? உன் போன் கெட்டுவிட்டது, ஏதாவது என்றால் நீ வேலை பார்க்கும் லேபுக்குக் கடிதம் போடச் சொல்லியிருந்தாய். ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் முகவரியை உறையில் எழுதும்போது, என் ரத்தத்தையே எடுத்து அனுப்புகிற மாதிரி இருந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டேன். போன வியாழக்கிழமை திவால் மனு போட்டாயிற்று. என் பட்டறையில் நாற்பது பஸ்ஸுக்கு சீட் தைத்து வாங்கிக்கொண்ட முதலாளி, பணம் தராமல் பஸ்களையும் விற்றுவிட்டு ஆளே காணோம். ரெக்சின் கொடுத்தவர், ஸ்பாஞ்ச் கொடுத்தவர், வாடகை பாக்கிக்கு இடத்துக்காரர் என்று எல்லோரும் என் வாசலில் நின்றார்கள். தையல் மெஷின் ஆறையும் ஏற்றிக்கொண்டு போனபோது இவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் ஏற்றி விட உதவி செய்தேன். வேறு என்ன செய்வது, கனமான மெஷின்.

அதைவிடப் பெரிய அடி, மனு போட்டது தெரிந்ததும் பாங்கில் என் கணக்கை மூடிவிட்டார்கள். ஒரு நாற்காலி கம்பெனியில் ரெக்சின் வெட்டும் வேலை கிடைத்திருக்கிறது, மார்ச் ஒன்றில் சேர வேண்டும். சம்பளத்தைக் கையில் தர மாட்டார்கள், பாங்க் கணக்கில்தான் போடுவார்கள். மார்ச் முப்பத்தொன்றுக்குள் கணக்கு எண் கொடுக்காவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வார்களாம். இரண்டு பாங்கில் கேட்டேன். இரண்டிலும் கம்ப்யூட்டரைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

உன் கணக்கு எண்ணைக் கொடு அக்கா. சம்பளம் அதில் விழட்டும், நீ எடுத்து அனுப்பு. இதை மட்டும் செய்தால் போதும். உடம்பைப் பார்த்துக்கொள். மாமாவுக்கு என் வணக்கம்.

தம்பி


பிப்ரவரி 12

அன்புள்ள முந்திரிக்கொட்டைக்கு,

அக்கா எழுதுவது. கால் வலி இருக்கிறது, நடக்கிறேன். உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மனசு தாங்கவில்லை.

என் கணக்கு முடியாது. ஏன் என்று கேட்காதே. பணம் அனுப்பவும் இப்போது வழியில்லை.

பெரிய பாங்குகளுக்குப் போகாதே. சின்னதாகத் தேடு. கம்ப்யூட்டரில் பார்த்துத் தெரிந்துகொள்ளும்வரை காத்திருக்காமல் நீயே முதலில் மனுவை எடுத்து மேஜையில் வை. ஒளிக்கிற ஆள் இல்லை என்று தெரிந்தால் ஒருவராவது காது கொடுப்பார்கள். கடன் வேண்டாம், செக் புத்தகம் வேண்டாம், சம்பளம் போட்டு எடுக்க ஒரு கணக்கு போதும் என்று கேள்.

இங்கே வராதே. லேப் போனுக்கும் கூப்பிடாதே, அது வரவேற்பு மேஜையில் இருக்கிறது, பத்துப் பேர் காது அங்கே. குட்டிக்கு என் முத்தம். அவளுக்குச் சளி விட்டதா?

அக்கா


பிப்ரவரி 20

அக்காவுக்கு,

இங்கே சுகம். அங்கேயும் சுகமாகத்தான் இருக்கும், இரண்டு கார் நிற்கிற வீட்டில் என்ன குறை.

கோபத்தில்தான் எழுதுகிறேன், மறைக்கவில்லை. பணமா கேட்டேன்? ஒரு எண் கேட்டேன். மாமா ஏதாவது சொல்வார் என்றால் அதையாவது சொல். முடியாது, கேட்காதே, வராதே. தந்தி அடிக்கிற மாதிரி மூன்று வரி.

நீ சொன்னபடி மூன்றாவது பாங்கில் மனுவை முதலிலேயே மேஜையில் வைத்தேன். அந்தப் பையன் அது ஏதோ கல்யாணப் பத்திரிகை என்று நினைத்து வாழ்த்துகள் சார் என்றான். படித்தபிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டான், எனக்கு ஏதோ ஒட்டுவியாதி மாதிரி.

ஆனால் ஒரு நல்ல செய்தி. பீரோவைக் காலி செய்யும்போது நம் சண்டைக் கணக்கின் பாஸ்புக் கிடைத்தது. ஞாபகம் இருக்கிறதா? நாம் அடித்துக்கொள்கிற தொல்லை தாங்காமல் அப்பா நம் இருவர் பெயரிலும் பாங்கில் கணக்கு திறந்து, சண்டையை ஆரம்பிக்கிறவர் தன் கைச்செலவுப் பணத்தை அதில் போட வேண்டும் என்று சட்டம் போட்டாரே. முக்கால்வாசி என் பணம்தான். கடைசி வரவு இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால். போனில் விசாரித்தேன், கணக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று மட்டும் சொன்னார்கள். என் பெயரும் அதில் இருக்கிறது, யார் தடுப்பது? திங்கட்கிழமை மனு விசாரணை. அது முடிந்ததும் இந்த எண்ணையே கம்பெனியில் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன்.

கால் வலிக்கு டாக்டரைப் பார். ரத்தம் எடுக்கிற இடத்திலேயே இருந்துகொண்டு சும்மா இருக்காதே.

தம்பி


பிப்ரவரி 27

தம்பி,

இது கிடைத்ததும் மற்ற வேலையை நிறுத்து. அந்தக் கணக்கைத் தொடாதே. கம்பெனியில் அந்த எண்ணைக் கொடுக்காதே. யாரிடமும் அப்படி ஒன்று இருப்பதாகச் சொல்லாதே. பாஸ்புக்கை என் லேப் முகவரிக்கு அனுப்பிவிடு.

உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். நான் உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

நலம் விசாரிக்காமல் எழுதிவிட்டேன். எல்லோரும் நலமாக இருங்கள்.

அக்கா


மார்ச் 5

அக்கா,

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. நான் நலமாக இல்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே பயமாக இருக்கிறது.

திங்கட்கிழமையே எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. மனுவை விசாரிப்பவர் ஒரு பெண் அதிகாரி. மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு மேஜையெல்லாம் தேடுகிற அம்மா. நல்லவர் மாதிரி இருந்தார். உங்கள் பெயரில் உள்ள கணக்கெல்லாம் எழுதியாயிற்றா என்று கேட்டார். சத்தியம் செய்து கையெழுத்துப் போடுகிற படிவம். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "இன்னொன்னு இருக்கு மேடம், சின்ன வயசுக் கணக்கு, ஒண்ணும் பெரிசா இல்ல" என்று சொன்னேன். பாஸ்புக்கில் கடைசியாக இருந்த தொகையையே எழுதினேன். கூட இருக்கிற பெயர் யாருடையது என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் உன் வீட்டு முகவரியையும் சொல்லிவிட்டேன்.

அவர் அங்கேயே பாங்கைக் கூப்பிட்டார். எதிர்முனையில் சொன்னதைப் படிவத்தின் ஓரத்தில் எழுதினார். எழுதிக்கொண்டே போனார். "சின்னக் கணக்குன்னு சொன்னீங்க" என்றார். அந்தத் தொகைக்கு என் பட்டறையையே மறுபடி வாங்கலாம் அக்கா.

கணக்கை முடக்கிவிட்டார்கள். பணம் யாருடையது, எப்படி வந்தது என்று விளக்க வேண்டும். நான் மறைத்ததாக முடிவானால் மனு தள்ளுபடி, பொய்ச் சத்தியம் செய்ததற்கு என்மேல் வழக்கு, ஜெயில்கூட ஆகலாமாம். உனக்கு உன் வீட்டு முகவரிக்கு நோட்டீஸ் வரும்.

யார் பணம் அது? மாமா என் பெயரை வைத்து ஏதாவது பதுக்குகிறாரா? உண்மையைச் சொல். எனக்கு ஒரு பொண்ணு இருக்கிறாள்.

தம்பி


மார்ச் 14

அக்கா,

ஒன்பது நாள் ஆயிற்று. நீ நலம்தானா? ஒரு வரி போடு.

நான் வேலையில் சேர்ந்துவிட்டேன். கணக்கு எண் எங்கே என்று தினமும் ஆபீஸ் பெண் கேட்கிறாள், நாளைக்கு என்று தினமும் சொல்கிறேன். நாலாவது பாங்கும் கையை விரித்துவிட்டது.

முன்பு எழுதியதில் மாமாவைப் பற்றிக் கேட்டது தப்பு என்றால் மன்னித்துவிடு. ஆனால் எழுது.

தம்பி


மார்ச் 21

தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறேன். இதை எழுத மூன்று முறை உட்கார்ந்து மூன்று முறை கிழித்தேன். இப்போதும் பக்கத்தில் மாதிரிக் குழாய்கள் வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றாகச் சீட்டு ஒட்டிக்கொண்டே எழுதுகிறேன்.

அது என் பணம். பதினொரு வருஷமாக நான் போட்டது. இங்கே ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வந்தால் கையில் காசு கொடுப்பார்கள். வாரநாள் வேலை கூடிவிட்டது, அதனால் ஞாயிறும் வரச் சொல்கிறார்கள் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். தனியாகக் காசு தருகிறார்கள் என்பது உன் மாமாவுக்குத் தெரியாது. என் சம்பளம் விழுகிற கணக்கின் அட்டை அவர் பையில் இருக்கிறது. பஸ் செலவைக் காலையில் எண்ணி மேஜையில் வைப்பார், சாயங்காலம் மீதியை வாங்கிக்கொள்வார். என் போன் கெடவில்லை. யாரிடம் எவ்வளவு நேரம் பேசினேன் என்று அவர் பார்க்காமல் படுப்பதில்லை. அதனால்தான் உன்னைக் கடிதம் எழுதச் சொன்னேன். அவர் குடிக்கிறவர் இல்லை, கை நீட்டுகிறவரும் இல்லை. அதற்கு அவருக்கு அவசியம் வந்ததில்லை.

புதுக் கணக்கு திறக்க என் அடையாளப் பத்திரங்கள் வேண்டும், அவை அவர் பெட்டியில் இருக்கின்றன. நம் சண்டைக் கணக்குக்குப் பணம் போடுகிற ஒரு சீட்டும் என் கையெழுத்தும் போதும். முகவரி அப்பாவின் பழைய வீடு, விற்ற வீடு, ஒரு தபாலும் இங்கே வராது. அதனால் அதில் போட்டேன்.

எதற்குச் சேர்த்தேன் என்பதை எழுதக் கை வரவில்லை. உனக்கே புரியும்.

இப்போது உன்னிடம் ஒன்றே ஒன்று. அந்த நோட்டீஸ் வீட்டுக்கு வரக் கூடாது. ஓடிப்போய் அந்த அம்மாவிடம் லேப் முகவரியைக் கொடு. குட்டியை நன்றாகப் பார்த்துக்கொள்.

அக்கா


மார்ச் 26

அக்காவுக்கு,

நீ நலம் என்று எழுதவே இல்லை, இனிமேல் அதைச் சும்மா கேட்க மாட்டேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் வெட்டிக்கொண்டிருந்த ரெக்சினை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். நோட்டீஸ் முந்தின நாளே ரெஜிஸ்டர் தபாலில் போய்விட்டது. அந்த அம்மாவின் மேஜை முன்னால் அழுதேன் என்றும் எழுதிவிடுகிறேன். "அனுப்பினதைத் திரும்பக் கூப்பிட முடியாதுங்க. அவங்க நேர்ல வந்து ஆதாரத்தோட சொல்லட்டும், நான் கேக்கறேன்" என்றார். ஏப்ரல் பதினெட்டு, காலை பதினொரு மணி. ஞாயிறு வேலைக்கு லேபில் கையெழுத்துப் போடுகிற ரெஜிஸ்டர் இருந்தால் அதன் நகல் போதுமாம்.

முந்திரிக்கொட்டை என்று நீ சின்ன வயசிலிருந்து சொல்கிறாய். நான் அதைச் செல்லப் பெயராகவே வைத்துக்கொண்டு திரிந்தேன். என் வாயால் உன் பதினொரு வருஷம் போய்விட்டது. இரண்டு கார் என்று எழுதினேனே, அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு.

இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. எனக்குக் கணக்கு கிடைத்துவிட்டது. பஸ் நிலையத்துக்குப் பின்னால், மருந்துக் கடை மாடியில் ஒரு சின்ன பாங்க். நீ சொன்ன மாதிரியே கேட்டேன். மேனேஜர் அம்மா மனுவை முழுக்கப் படித்துவிட்டு, போடலாம், எடுக்கலாம், வேறு எதுவும் கேட்கக் கூடாது, சம்மதமா என்றார். சம்மதம் என்றேன். நான் உன்னை அழைத்து வர அங்கே வரட்டுமா? ஒரு வார்த்தை சொல்.

தம்பி


ஏப்ரல் 4

தம்பிக்கு,

உனக்குக் கணக்கு கிடைத்ததில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். கூச்சப்படாதே. எல்லோரும் நலம் என்று நினைக்கிறேன்.

இரண்டு நாள் லீவு போட்டு வாசலிலேயே நின்றேன், தபால்காரர் வரவில்லை. மூன்றாம் நாள் வேலைக்குப் போனேன். அன்றைக்கு வந்தது, உன் மாமா கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டார். மறுநாள் காலைச் சாப்பாட்டு மேஜையில் எனக்கு அதை வாசித்துக் காட்டினார். முழுசாக, நிதானமாக, இரண்டு தடவை. சத்தம் போடவில்லை. சட்னி கொஞ்சம் வை என்றார்.

அதன்பிறகு ஒரு தாள் தட்டச்சு செய்து கொண்டுவந்திருக்கிறார். வீட்டுச் செலவுக்கு அவர் கொடுத்த பணத்தை நான் மிச்சம் பிடித்து அந்தக் கணக்கில் போட்டதாகவும், அது அவருக்குச் சேர வேண்டிய பணம் என்றும் இருக்கிறது. நான் கையெழுத்துப் போட வேண்டும். "போட்டா உன் தம்பி தப்பிச்சான். நீ ஏதாவது வேற கதை சொல்லி அவங்க நம்பலேன்னா அவன் உள்ள போவான். யோசிச்சுக்கோ" என்றார்.

நிஜம்தான். எனக்கு ஆதாரம் முழுசாக இல்லை. லேப் இடம் மாறியபோது பழைய ரெஜிஸ்டர்களை எடைக்குப் போட்டுவிட்டார்கள், கடைசி ஏழு வருஷத்துக்குத்தான் இருக்கிறது. அவர் தாளில் கையெழுத்துப் போட்டால் உனக்கு ஆபத்தே இல்லை.

நீ வர வேண்டாம். அவரே காரில் அழைத்து வருகிறார். அங்கே நான் என்ன சொல்லப் போகிறேன் என்று எனக்குத் தெரியவில்லை. நீ என்ன சொல்லச் சொல்கிறாய் என்று எழுதாதே. எழுதினால் அதையே செய்துவிடுவேன்.

அக்கா


ஏப்ரல் 20

என் அக்காவுக்கு,

லேப் முகவரிக்கே போடுகிறேன், உன் புது இடம் எனக்குத் தெரியாது. நன்றாகத் தூங்கினாயா? நான் இரண்டு நாளும் நன்றாகத் தூங்கினேன், அதற்கே வெட்கமாக இருக்கிறது.

எழுதாதே என்று சொன்னதால் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். வாழ்க்கையில் முதல் தடவை. அன்றைக்கு உன் முகத்தை நீ பார்த்திருக்க முடியாது, அதனால் நான் எழுதுகிறேன்.

மாமா தாளை மேஜைமேல் வைத்து, பேனாவையும் மூடி கழற்றி அதன்மேல் வைத்தார். நீ பேனாவைக் கையில் எடுத்தாய். நான் உன் பக்கம் பார்க்காமல் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கையெழுத்துப் போட வேண்டும் என்று என் மனசில் ஒரு பாதி வேண்டிக்கொண்டது அக்கா. ஜெயில் என்றால் பயம். இதை உன்னிடம் சொல்லாமல் இருந்தால் அடுத்த தடவை உன் கண்ணைப் பார்க்க முடியாது.

அந்த அம்மா தாளைப் படித்துவிட்டு உன்னிடம் கேட்டார், சம்பளக் கணக்கு தனியாக இருக்கும்போது தம்பியோடு சேர்ந்த கணக்கில் எதற்காகப் போட்டீர்கள் என்று. மாமா பதில் சொல்ல வாயைத் திறந்தார். நீ பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாய்.

"இவரை விட்டுப் போறதுக்கு."

மாமா சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. "கொஞ்சம் சத்தமா சொல்லுங்க, நான் எழுதணும்" என்றார். நீ இன்னொரு தடவை சொன்னாய், வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. உன் முகத்தில் அப்போது பயம் இருந்தது, நன்றாகவே இருந்தது. ஆனாலும் சொன்னாய். அதன்பிறகு ரெஜிஸ்டர் நகலை எடுத்து ஏழு வருஷத்துக்கு ஒவ்வொரு ஞாயிறாகக் காட்டிக்கொண்டே போனாய். மாமா பாதியிலேயே எழுந்து போனார். வெளியே காத்திருந்த உன் லேப் தோழியின் வண்டியில் ஏறிவிட்டாய். என்னோடு வா என்று கூப்பிட எனக்கு நாக்கு எழவில்லை, வீட்டில் இருக்கிறதே ஒரே அறை.

எங்கே இருக்கிறாய்? மாமா லேபுக்கு வந்தாரா? பத்திரமாக இரு. இவள் உனக்காக இரண்டு நாளாக அழுகிறாள்.

தம்பி


ஜூலை 9

அன்புள்ள முந்திரிக்கொட்டைக்கு,

நலம். இந்தத் தடவை நிஜமாகவே எழுதுகிறேன், நலம். கால் வலி மட்டும் போகவில்லை. குட்டிக்குப் பள்ளிக்கூடம் திறந்தாயிற்றா? நான் இருப்பது மேல்மாடியில் ஒரு அறை, ஒரு ஸ்டவ், ஒரு ஜன்னல். அவர் லேபுக்கு இரண்டு தடவை வந்தார். மூன்றாவது தடவை லேபை நடத்தும் எங்கள் டாக்டர் அம்மா வாசலிலேயே நின்று பேசி அனுப்பிவிட்டார். என் பத்திரங்களையும் கொடுத்தனுப்ப வைத்தார்.

தீர்ப்பு உனக்கும் வந்திருக்கும். நீ மறைக்கவில்லை என்று எழுதிவிட்டார்கள், அது போதும் எனக்கு. ஏழு வருஷப் பணம் என்னுடையது என்று திருப்பித் தந்தார்கள். ஆதாரம் இல்லாத நாலு வருஷத்தை உன் பெயரில் சேர்த்து உன் கடன்காரர்களுக்குப் பிரித்துவிட்டார்கள். என் நாலு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள் உன் ரெக்சின்காரருக்கும் ஸ்பாஞ்ச்காரருக்கும் போயின. கோபம் வந்தது, இரண்டு நாள் உன்னை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். எழுதாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கையெழுத்துப் போட வேண்டும் என்று நீ வேண்டிக்கொண்டதை எழுதியிருந்தாய். நானும் ஒன்று சொல்கிறேன். ஒரு அறைக்கு முன்பணம், ஆறு மாசச் சாப்பாடு, இவ்வளவு சேர்ந்தால் கிளம்பிவிடலாம் என்று ஆரம்பத்திலேயே ஒரு கணக்குப் போட்டிருந்தேன். அது சேர்ந்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது தம்பி. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று ஒவ்வொரு ஞாயிற்றுக் காசையும் போட்டுக்கொண்டே இருந்தேன். பணம் போதவில்லை என்று நினைத்துக்கொள்வது எனக்குச் சௌகரியமாக இருந்தது. நீ அந்தப் படிவத்தில் எழுதாமல் விட்டிருந்தால் இப்போதும் அந்த வரிசையில்தான் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன். அதனால் அழுவதை நிறுத்து, வேலையை ஒழுங்காகப் பார்.

நேற்று உன் பாங்கின் கிளை ஒன்று இங்கே இருக்கிறதைக் கண்டுபிடித்துப் போனேன். மேஜை முன்னால் போய் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன். அந்தப் பெண் என்னைவிட இருபது வயது சின்னவள், படிவத்தைத் திருப்பித் தந்து, கூடச் சேரும் இரண்டாவது பெயருக்கான இடம் காலியாக இருக்கிறது, காலியாக விடக் கூடாது என்றாள். யாரையாவது எழுதுங்கள், இல்லையென்றால் ஒரு கோடு போட்டுவிடுங்கள் என்றாள். உன் பெயர் ஞாபகம் வந்தது, கோபித்துக்கொள்ளாதே. பேனாவை வாங்கிக் கோடு போட்டேன்.

அக்கா